பசை பூசுவதற்கு முன்: பாதி வேலையில் கைப்பிடியைத் திருத்துதல்

அலகின் வடிவத்தைத் தாளில் வரைந்தே முடிவு செய்துவிடலாம். நீளம், அகலம், முதுகின் வளைவு, வாயின் சாய்வு எல்லாவற்றையும் அளந்து குறித்து, குறித்தபடி வெட்டினால் நினைத்த அலகு ஏறக்குறைய கிடைத்துவிடும். கைப்பிடி அப்படி வசப்படுவதில்லை. தாளில் நாம் வரைவது அதன் பக்கவாட்டுத் தோற்றத்தை மட்டும்தான். கை உணர்வது குறுக்குவெட்டை; மேலிருந்து பார்த்தால் தெரிகிற புடைப்பையும் ஒடுக்கத்தையும்; விளிம்புகள் எவ்வளவு உருண்டிருக்கின்றன என்பதை. இவை எதுவும் வரைபடத்தில் இல்லை. அதனால் கைப்பிடியின் இறுதி வடிவம், வேலை பாதியில் இருக்கும்போது, கத்தியைப் பிடித்து வெட்டிப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்பட வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. அந்தத் தீர்மானத்துக்கு இடம் இருக்கும்படி மொத்த வேலையின் வரிசையையும் அமைத்துக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு ஒரு சமையல் கத்தியை எடுத்துக்கொள்வோம்: 3 மி.மீ. கனமுள்ள கார்பன் ஸ்டீல், கைப்பிடி நீளம் முழுவதும் ஓடும் 125 மி.மீ. வால், அதன் இருபுறமும் இரண்டு மரக்கட்டைகள், அவற்றை ஊடுருவிப் போகும் இரண்டு 5 மி.மீ. ரிவிட்கள்.

எண்களை வைத்தே இதைப் பார்க்கலாம். வால் 3 மி.மீ., கட்டைகள் ஒவ்வொன்றும் 9 மி.மீ. என்றால் கைப்பிடியின் கனம் 21 மி.மீ. உயரம் 30 மி.மீ. என்று கொண்டால், நீள்வட்டக் குறுக்குவெட்டின் சுற்றளவு சுமார் 81 மி.மீ. இருபக்கமும் ஒரு மி.மீ. அராவினால் கனம் 19 ஆகும். சுற்றளவு 78 ஆகும். மூன்று மி.மீ. வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஆனால் உயரத்துக்கும் கனத்துக்கும் உள்ள விகிதம் 1.43இலிருந்து 1.58க்குப் போய்விடுகிறது. அந்த விகிதம்தான் கத்தியின் வாய் எந்தத் திசையை நோக்கி இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே கைக்குச் சொல்கிறது. விகிதம் ஒன்றை நெருங்க நெருங்கக் கைப்பிடி உருளையாகி, கெட்டியான பூசணியில் அலகு இறங்கும்போது கைக்குள் சுழலப் பார்க்கும். மிகவும் தட்டையானால் சுழலாது. ஆனால் உள்ளங்கையை நிரப்பாது, விரல்கள் தேவைக்கு மேல் இறுக வேண்டியிருக்கும். பக்கவாட்டுப் படத்தில் இந்த இரண்டு கைப்பிடிகளும் ஒரே கோடுதான்.

பொதுவான அளவுப் பட்டியல்களும் இங்கே பாதி தூரம்தான் உதவும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 2004இல் வெளியிட்ட கைக்கருவிக் கையேடு, பலம் கொடுத்துப் பிடிக்கும் கருவிகளுக்கு 32 முதல் 51 மி.மீ. வரை விட்டமும், நுட்ப வேலைக் கருவிகளுக்கு 6 முதல் 13 மி.மீ. வரை விட்டமும் பரிந்துரைக்கிறது. மனிதக் கையின் பிடிகளை பலப்பிடி, நுட்பப்பிடி என்று ஜான் நேப்பியர் 1956இல் வகுத்துக் காட்டிய பிரிவினையின் மேல்தான் இப்படிப்பட்ட அளவுகள் நிற்கின்றன. சமையல் கத்தியோ ஒரே மணி நேரத்தில் இரண்டு பிடிகளையும் கேட்கிறது. பூசணியைப் பிளக்கும்போது முழுக்கையும் பிடியைச் சுற்றி இறுகும். இஞ்சியைப் பொடியாக நறுக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடிப்பகுதிக்கே முன்னேறி அதைக் கிள்ளிப் பிடித்திருக்கும். இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. திட்டத்தை முதலிலேயே முடித்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் தொழில் ஒழுக்கம், பாதியில் மாற்றுகிறவருக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்பார்கள். இதில் உள்ள நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. சில முடிவுகளைப் பாதியில் மாற்றவே முடியாது, அவற்றை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். தோய்ச்சல் கொடுத்த இரும்பில் சாதாரண டிரில் பிட் இறங்காது. ஆகவே ரிவிட் துளைகள் உலைக்குப் போகும் முன்பே போடப்பட வேண்டும். வாலின் வெளிக்கோட்டைப் பின்னால் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஆனால் இந்த மாறாத முடிவுகளை எடுக்கும்போதே மாறக்கூடியவற்றுக்கு இடம் விட்டு வைப்பதும் திட்டமிடலின் பகுதிதான். வாலின் அடிப்புறத்திலும் பின்முனையிலும் வரைந்த கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. மிச்சம் விட்டு வெட்டுங்கள். தேவையான இரண்டு துளைகளுக்குப் பதிலாக ஐந்தாறு துளைகள் போடுங்கள். ரிவிட்டின் இடத்தைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம், மற்றவை பசை ஒருபுறமிருந்து மறுபுறம் பாலமாக இறுகுவதற்கு உதவும். பின்னால் வாலைக் குறைக்க நேர்ந்தால் கிரைண்டரில் சிறிது சிறிதாகத் தொட்டு, அடிக்கடி தண்ணீரில் தோய்த்து எடுக்க வேண்டும். வால் சூடாகி இளகினால் கெடுதல் இல்லை. அந்தச் சூடு அலகை எட்டக் கூடாது. இரும்பின் மேல் வைக்கோல் நிறம் தோன்றினால் வெப்பம் சுமார் 220 பாகையைத் தொட்டுவிட்டது, நீலம் தோன்றினால் 300ஐ நெருங்கிவிட்டது என்று பொருள். அந்த நிறங்கள் அலகை நோக்கி நகர்ந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

நம் ஊர் அரிவாளுக்கு யார் இவ்வளவு யோசித்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. உருண்டையான ஒரு மரப்பிடி, ஒரு பூண், அதைக் கொண்டே தலைமுறைகள் அறுத்தன, வெட்டின. உண்மை. ஆனால் அந்தப் பிடியின் அமைப்பைக் கவனித்தால், அது நான் சொல்வதை மறுப்பதற்குப் பதில் உறுதி செய்கிறது. அரிவாளின் கூரான வாலைக் காய்ச்சி மரத்துக்குள் இறக்குகிறார்கள். முன்பக்கம் பிளக்காமல் பூண் காக்கிறது. பிடி பிடிக்கவில்லை என்றால் தட்டிக் கழற்றி வேறு பிடி போடலாம். வாங்கியவரே கண்ணாடிச் சில்லால் சுரண்டித் தன் கைக்குப் பதமாக்கிக்கொள்ளலாம். ஜப்பானியச் சமையல் கத்திகளின் மரப்பிடியும் இதே வழியில்தான் மாட்டப்படுகிறது, தேய்ந்தால் மாற்றலாம். இத்தகைய கருவிகளில் வடிவம் பற்றிய முடிவு வாழ்நாள் முழுவதும் திறந்தே இருக்கிறது. முழு வாலின் மேல் இரண்டு கட்டைகளை எபாக்ஸி வைத்து ஒட்டி ரிவிட் அடிக்கும் முறையில் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. ஒட்டிய கட்டையைச் சூடு காட்டிப் பிரித்தெடுத்தாலும், மரம் பெரும்பாலும் மறுபடி பயன்படும் நிலையில் இருக்காது. பின்னால் திருத்த வழியில்லாத ஒரு முறையைத் தேர்ந்துகொண்டவர், முன்னால் திருத்தியாக வேண்டும்.

திருத்துவதற்கு ஏற்ற நிலை எது? தோய்ச்சலும் பதமும் முடிந்திருக்கிறது. கட்டைகள் வெட்டித் துளையிடப்பட்டு வாலின் மேல் சரியாக உட்காருகின்றன. பசை இன்னும் தொடவில்லை. இந்த நிலையை அவசரப்படாமல் நீட்டித்துக்கொள்ள வேண்டும். பருமனான கட்டையிலிருந்து புதிதாக அறுத்தெடுத்த மெல்லிய துண்டுகள் ஈரப்பதம் சமனாகும்வரை லேசாக வளையும். ஆகவே அறுத்த துண்டுகளைச் சில நாள் காற்றோட்டமான இடத்தில் விட்டு, பிறகு உட்புறத்தை மட்டமாக்குவது நல்லது. ரிவிட் கம்பிகளை உப்புத்தாளில் ஒரு சுற்று தேய்த்து மெலிதாக்கினால் கையால் செருகவும் உருவவும் முடியும். கட்டைக்கும் வாலுக்கும் நடுவே இருபக்க டேப் ஒட்டி, கம்பிகளைச் செருகிவிட்டால், அரம் போடும் அளவுக்குப் பிடி உறுதியாக நிற்கும். கம்பி பக்கவாட்டில் நகரவிடாது, டேப் மேலே எழும்பவிடாது. நீங்கள் விலையுயர்ந்த ஈட்டி மரத்தையோ கருங்காலியையோ பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், முதல் சுற்றை வேண்டாத பலகைத் துண்டில் செய்து பாருங்கள். இந்த வெள்ளோட்டக் கட்டைகளே அளவுகோலாக நிற்கும், நல்ல மரம் ஒருமுறைதான் அராவப்படும். மரத்தூளானாலும் ஜி-10 போன்ற கண்ணாடி இழைத் தகட்டின் தூளானாலும் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இனி சோதனை. கத்தியைச் சும்மா பிடித்துப் பார்ப்பதால் பயன் குறைவு. எந்தக் கைப்பிடியும் அரை நிமிடம் சுகமாகத்தான் இருக்கும். குறை வெளிப்படுவதற்கு வேலையும் நேரமும் வேண்டும். வாய் இன்னும் தீட்டப்படாமல் அரை மி.மீ. கனத்தில் இருந்தாலும் வாழைத்தண்டிலும் ஈரக் களிமண்ணிலும் அது இறங்கும், கையில் ஏறும் அழுத்தம் உண்மையான வேலைக்கு நெருக்கமாகவே இருக்கும். அதன் பிறகு ஓரளவு தீட்டி வெங்காயம், கேரட், கிழங்கு என்று நறுக்கிப் பாருங்கள். தீட்டிய கத்தியை வைத்துக்கொண்டு கைப்பிடியை அராவுவது ஆபத்து என்று எச்சரிப்பவர்கள் சொல்வது சரி; ஆகவே ஒவ்வொரு முறை அரத்தை எடுக்கும் முன்பும் வாயைத் தடித்த அட்டையால் மூடி டேப் சுற்ற வேண்டும், அலகை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து வைஸில் பூட்ட வேண்டும். பிடியின் மேல் கோலமாவையோ சாக்குத்தூளையோ மெலிதாகத் தடவி, உலர்ந்த கையால் பத்து நிமிடம் நறுக்கிவிட்டுப் பாருங்கள். மாவு முழுதாகத் தேய்ந்துபோன இடத்தில் அழுத்தம் குவிகிறது, அப்படியே இருக்கும் இடத்தைக் கை தொடுவதே இல்லை. நல்ல பிடியில் இந்தத் தடம் பரவலாகவும் ஒரே சீராகவும் இருக்கும். கையை நனைத்துக்கொண்டும், எண்ணெய் தடவிக்கொண்டும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். சமையலறையில் கை உலர்ந்திருக்கும் நேரம் குறைவு.

வலி எங்கே எழுகிறது என்பதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சவ்வில் உரசல் இருந்தால், மரத்தைக் குற்றம் சொல்லும் முன் வாலின் முதுகு விளிம்பைத் தடவிப் பாருங்கள். உருட்டப்படாத இரும்பு முனைதான் பல நேரங்களில் அங்கே அறுக்கிறது. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வலித்தால் கட்டையின் முன்முனை செங்குத்தாக நிற்கிறது. அதைச் சரிவாக்கி, முன்பகுதியின் கனத்தை 16 முதல் 18 மி.மீ. அளவுக்கு ஒடுக்க வேண்டும். சுண்டுவிரல் நழுவிக்கொண்டே இருந்தால் பின்பகுதி மிக மெலிந்திருக்கிறது, அல்லது கீழ்நோக்கிய சிறு இறக்கம் இல்லாமல் நேராக முடிகிறது. உள்ளங்கையின் நடுவில் ஒரே புள்ளியில் அழுத்தினால் பின்முனையின் மேல்மூலை கூர்மையாக இருக்கிறது, அல்லது பிடியின் நீளம் உள்ளங்கையைத் தாண்டவில்லை. அலகு கைக்குள் புரண்டால் குறுக்குவெட்டு மிகவும் உருண்டையாகிவிட்டது. விரல் முட்டிகள் வெட்டும் பலகையில் இடித்தால், பிடியின் அடிப்புறம் தாழ்ந்து இருக்கிறது. வாலில் விட்டுவைத்த அந்த 2 மி.மீ. மிச்சம் இங்கேதான் பயன்படும், அடிப்புறத்தை மேல்நோக்கிச் சாய்த்துக் குறைக்கலாம். ஒரு வலிக்கு ஒரு மாற்றம் செய்து, மறுபடி நறுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

விரல்களுக்குத் தனித்தனிப் பள்ளம் வெட்டிவிட்டால் பிடிமானப் பிரச்சினை ஒரே அடியில் தீராதா என்று பலருக்குத் தோன்றும். கடையில் எடுத்துப் பார்க்கும்போது அப்படிப்பட்ட பிடி கவர்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் பள்ளம் ஒரே ஒரு பிடியை மட்டும் அனுமதிக்கிறது, அதுவும் வெட்டியவரின் விரல் அகலத்துக்கு. கத்தி வேலையில் கை முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். நகர்ந்த கைக்குப் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகள் விரலடியில் குத்தும். நீண்ட அனுபவமுள்ள மரபுகள் எதைத் தக்கவைத்துக்கொண்டன என்று பாருங்கள். பின்லாந்தின் பூக்கோ கத்தி பெரும்பாலும் காவல்தடுப்பு இல்லாமல், நடுவில் லேசாகப் புடைத்த எளிய பீப்பாய் வடிவப் பிடியோடு இருக்கிறது. ஜப்பானியப் பிடிகள் நீள்வட்டம், எண்கோணம், ஒருபுறம் மட்டும் முகடுள்ள வடிவம் ஆகியவற்றோடு நின்றுவிட்டன. இவற்றில் எதிலும் விரல் பள்ளம் இல்லை. திசையைச் சொல்லும் குறுக்குவெட்டும், கையை நிறுத்தும் மெல்லிய புடைப்பும் போதும் என்பதே அவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு.

அராவும் வரிசையில் ஒரு கண்டிப்பு வேண்டும், ஏனென்றால் எடுத்த மரம் திரும்பி வராது. முதலில் கட்டையின் வெளிக்கோட்டை வாலோடு மட்டமாக்குங்கள். அடுத்து கனம், மேலிருந்து பார்க்கும்போது முன்னால் ஒடுங்கி, நடுவில் புடைத்து, பிறகு சற்றே ஒடுங்கிப் பின்முனையில் விரியும் கோடு. விளிம்புகளை உருட்டுவது கடைசியில்தான். ஆரம்பத்திலேயே விளிம்பை உருட்டிவிட்டால் அளப்பதற்கு ஒரு மட்டமான பரப்பு மிஞ்சாது, இடப்புறமும் வலப்புறமும் ஒத்திருக்கின்றனவா என்று கண்டுபிடிப்பது கடினம். உருட்டும்போதும் நேரடியாக வளைவுக்குப் போகாமல் 45 பாகையில் பட்டை போட்டு எண்கோணமாக்கிக்கொண்டு, பட்டைகளின் அகலத்தை இருபுறமும் வெர்னியரால் ஒப்பிட்டு, பிறகு பட்டைகளின் முனைகளை மழுக்குங்கள். சில கைகளுக்கு அந்த எண்கோண நிலையே பிடித்துப்போகும், அங்கேயே நிறுத்தலாம். தவறி அதிகம் எடுத்துவிட்டால் ஒரே ஒரு மீட்பு உண்டு. கட்டைக்கும் வாலுக்கும் இடையே ஒரு மி.மீ. நார்த்தகடோ தோலோ வைத்துக் கனத்தை மீட்கலாம். வெளிக்கோட்டில் குறைந்ததை அதனால் மீட்க முடியாது.

எடையும் இந்த இடைவேளையில்தான் சரியாகும். இரும்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம். 3 மி.மீ. வாலில் 8 மி.மீ. துளை ஒன்று சுமார் 1.2 கிராம் எடையைக் குறைக்கும். ஆறு துளைகள் போட்டாலும் 7 கிராம்தான். கட்டையின் பொருளை மாற்றுவது இதைவிடப் பன்மடங்கு பெரிய மாற்றம். 125 மி.மீ. நீளம், 28 மி.மீ. அகலம், 9 மி.மீ. கனமுள்ள இரண்டு கட்டைகள், செதுக்கும் முன், 0.85 அடர்த்தியுள்ள ஈட்டி மரத்தில் சுமார் 54 கிராம், 1.8 அடர்த்தியுள்ள ஜி-10 தகட்டில் 113 கிராம். கத்தி பின்னால் கனத்து, அலகின் நுனி மேலே எழும்பினால், துளைகளை நம்பாமல் கட்டையை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். அல்லது அமெரிக்கக் கத்திக் கலைஞர் பாப் லவ்லெஸ் புகழ்பெறச் செய்தபடி, வாலைப் பின்முனை நோக்கி மெலிந்துபோகும்படி தேய்க்கலாம். அது பொறுமை கேட்கும் வேலை. கட்டையின் உட்புறத்தையும் துளையின் சாய்வையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். முதல் கத்தியில் அதை முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

விற்பதற்காகச் செய்கிறோம், வாங்குகிறவரின் கையே தெரியாதபோது என் கையை வைத்துத் திருத்தி என்ன பயன் என்று கேட்கலாம். கையளவு ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் கூர்முனை எல்லாக் கைகளையும் குத்தும், உருளைப் பிடி எல்லாக் கைகளிலும் சுழலும். சோதனையில் அகப்படும் குறைகளில் பெரும்பகுதி இந்தப் பொதுக் குறைகள்தான். மீதிக்கு, பெரிய கையுள்ள ஒருவரிடமும் சிறிய கையுள்ள ஒருவரிடமும், முடிந்தால் இடக்கைப் பழக்கமுள்ள ஒருவரிடமும் கொடுத்து நறுக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைவிட அவர்கள் விரல்கள் எங்கே நகர்கின்றன என்பதைக் கவனியுங்கள். திருத்தத்துக்கு முடிவே இருக்காதே என்ற கவலைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: பத்து நிமிட வேலையில் கை தானாகப் பிடியை மாற்றிக்கொள்ளத் தேவைப்படவில்லை, மாவுத் தடம் பரவலாக விழுகிறது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் வாயின் திசை தெரிகிறது என்றால் அரத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் எடுப்பது கண்ணுக்காக எடுப்பது. பளபளப்புக்காக மிக மெல்லிய உப்புத்தாள்வரை போவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. 320 அல்லது 400 எண்ணில் நிறுத்தி ஆளிவிதை எண்ணெய் ஏற்றிய மரம் ஈரக்கையிலும் பிடிகொடுக்கும்.

ஒட்டும் முன் கடைசியாக ஒன்று. கட்டைகளின் முன்முனைகளை, அலகைத் தொடும் அந்தச் சரிவை, இப்போதே இறுதி மெருகுவரை முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு அங்கே உப்புத்தாள் போட்டால் அலகு கீறும், அந்தக் கீறல் எப்போதும் கண்ணில் படும். முன், நடு, பின் என்று மூன்று இடங்களின் கனத்தையும் உயரத்தையும் வெர்னியரால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கத்தியின் வரைபடத்துக்கு அது தொடக்கம். டேப்பின் பிசின் துளியும் இல்லாமல் வாலையும் கட்டையின் உட்புறத்தையும் அசிட்டோனால் துடைத்து, இரு பரப்புகளையும் முரட்டு உப்புத்தாளால் கீறி, எபாக்ஸி பூசி, கம்பிகளைச் செருகிக் கிளாம்ப் போடுங்கள். கிளாம்பை மிகையாக இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி ஒட்டு பலவீனமாகும். முன்முனையில் பிதுங்கும் பசையை அது இறுகும் முன்பே துணியால் துடைத்துவிடுங்கள். மெதுவாக இறுகும் எபாக்ஸிக்கு 24 மணி நேரம் வேண்டும். அதற்கு முன் கிளாம்பை அவிழ்க்காதீர்கள்.